எனக்குன்னு ஒண்ணு

மார்ச் 3, திங்கள்

ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். காலை பத்தே முக்காலுக்கு. மேலாளர் ஒரு தடவை படித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் காரணம் எழுதியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா மேடம்?"

"இல்ல சார்."

"பின்ன எதுக்கு?"

"போட்டோ எடுக்கலாம்னு இருக்கேன்."

"அது ஞாயித்துக்கிழமை எடுக்கிறதுதானே?"

"இனிமே எல்லாக் கிழமையும்."

சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அவர் சிரித்தார். பிறகு விதியைச் சொன்னார். மூன்று மாத அவகாசம் உண்டு. சேர்த்து வைத்த விடுப்பு நிறைய இருப்பதால் இந்த மாதக் கடைசியோடு நான் வராமல் இருக்கலாம். ஆனால் ஜூன் இரண்டு வரை பதிவேட்டில் என் பெயர் இருக்கும். அதற்குள் மனசு மாறினால் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். "கதவு சாத்தியிருக்கும் மேடம், பூட்டியிருக்காது."

இருபது வருடம் இந்தக் குடிநீர்ச் சோதனைக் கூடத்தில். அவர் அறையை விட்டு வெளியே வந்ததும் ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தேன். தலைசுற்றல், அழுகை, ஏதாவது. ஒன்றும் நடக்கவில்லை. என் மேசைக்கு வந்தேன். காலையில் வந்த பதினான்கு பாட்டில்களில் ஆறு மிச்சம் இருந்தன. குளோரின் பார்த்து எழுதினேன். ஆறும் சரியாக இருந்தன.

மார்ச் 4, செவ்வாய்

விஷயம் பரவிவிட்டது. "ரொம்ப நாள் ஆசையாச்சே" என்கிறார்கள். தலையாட்டுகிறேன்.

ஆசை என்றால் உள்ளே ஏதாவது குதிக்க வேண்டாமா?

உண்மையை எழுதுவதென்றால் தும்மலைப் பற்றித்தான் எழுத வேண்டும். எதிர் மேசைக்காரி. குளோரின் நெடி பட்டால் வரிசையாக ஏழு தும்மல் போடுவாள். ஆறோடு நிற்காது, எட்டுக்குப் போகாது. கூடம் முழுக்கச் சத்தமாக எண்ணும். அப்படித்தான் அந்தப் பெயர். பதினேழு வருடம் நிமிர்ந்தால் அவள் முகம். போன அக்டோபரில் ஒரு புதன்கிழமை, சாப்பிட்ட டப்பாவைக் கழுவப் போனவள் குழாயடியிலேயே உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். நாற்பத்தாறு வயது.

மறுநாள் அவள் கணவர், தையல்காரர், என்னைத் தேடி வந்தார். பத்திரிகையில் போட, பெரிதாக்கி வைக்க, ஒரு படம் வேண்டும்.

"வீட்ல இருக்கிற எதுலயும் அவ தனியா இல்லம்மா. ஒண்ணு, யாரையாவது இடுப்புல வெச்சிருக்கா. இல்லன்னா யார் பின்னாடியாவது நிக்கிறா. நீங்கதான் போட்டோ எடுப்பீங்களே, உங்ககிட்ட ஒண்ணாவது இருக்குமே?"

பதினொரு வருடமாகக் கேமரா வைத்திருக்கிறேன். கணினியில் நாற்பதாயிரம் படங்களுக்கு மேல். துருப்பிடித்த கதவு. தேங்கிய மழைநீரில் விளக்குக் கம்பம். ஜன்னல் கம்பியில் புறா, எத்தனை புறா. இரண்டு நாள் உட்கார்ந்து தேடினேன். அவள் இல்லை. ஒன்றில்கூட இல்லை. கடைசியில் அலுவலக அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கினார்கள். இடது தோளில் முத்திரையின் பாதி வட்டம் அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை. சாப்பாடு உட்பட.

மார்ச் 16, ஞாயிறு

மகளிடம் இன்றுதான் சொன்னோம். பதினாறு வயது. தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கல்யாணத்துல எல்லாரும் வாயைத் தொறந்து சாப்பிடறப்ப எடுப்பாங்களே, அந்த மாதிரியா?"

"அதுவும் இருக்கலாம்."

"என் ஃப்ரெண்டோட அக்கா கல்யாணத்துக்கு வந்து நிப்பியா? கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டு?"

"கூப்பிட்டா போகணும்."

"எங்கம்மா லேப்ல இருக்காங்கன்னு சொல்லித்தான் எனக்குப் பழக்கம்." தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இவர், என் கணவர், மருத்துவமனை லிஃப்டுகளைப் பழுது பார்ப்பவர். உலகத்தையே லிஃப்டில் வைத்துத்தான் யோசிப்பார். "நடுவுல பட்டனை மாத்தி அமுக்கினா உடனே திரும்புமா? மொதல்ல போற எடத்துக்குப் போயிட்டுத்தான் வரும். விடு, அவளும் ஒரு ரவுண்டு மேல போயிட்டு வருவா."

"உங்களுக்குச் சரிதானா?"

"எனக்கென்ன. சரிதான்."

ரொம்பச் சீக்கிரம் சொல்லிவிட்டார். யோசித்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

மார்ச் 31, திங்கள்

கடைசி நாள். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். இரண்டு பேர் பேசினார்கள். ஒருவர் நடுவில் என் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டுத் திருத்திக்கொண்டார்.

தும்மலின் மேசையில் இப்போது பிரிண்டர் இருக்கிறது. கிளம்பும் முன் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தேன். காகிதம் தீர்ந்துவிட்டது என்று சிவப்பு விளக்கு மினுக்கியது. காகிதம் வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஏழே காலுக்குக் கிளம்பி, பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டேன். அங்கே நின்ற பிறகுதான் நினைவு வந்தது. பக்கத்து வீட்டு அம்மா, "இன்னிக்கு லேட்டா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பெரிய தெருவில் இருக்கும் ஸ்டூடியோவில் சேர்ந்திருக்கிறேன். முதலாளிக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. "கொஞ்சம் தாடையைத் தூக்குங்க, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் சிரிங்க, ஐயோ அவ்ளோ வேணாம்" — நாள் முழுக்க இதே பாட்டு. மனதுக்குள் அவனுக்குக் கொஞ்சம் தம்பி என்று பெயர் வைத்துவிட்டேன். கெட்டவன் இல்லை. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான். அக்கா என்று கூப்பிட்டுத்தான் விளக்குத் தாங்கியைக் கையில் கொடுத்தான்.

ஐந்து மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நிச்சயதார்த்த ஜோடி. அந்தப் பெண் என்னிடம், "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்குங்க, உங்க நிழல் விழுது" என்றாள்.

அவமானமாக இருந்ததா? இருந்திருக்க வேண்டும். தோள்தான் வலித்தது.

ஏப்ரல் 17, வியாழன்

விளக்கு. விளக்கு. விளக்கு.

ஏப்ரல் 23, புதன்

நேற்றும் இன்றும் பிஸ்கட் தொழிற்சாலை. எல்லோருக்கும் புது அடையாள அட்டை, முந்நூற்று நாற்பது பேர். கொஞ்சம் தம்பிக்கு வேறு வேலை இருந்ததால் என்னையே எடுக்கச் சொல்லிவிட்டான். சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் வெள்ளைத் திரை, ஒரு ஸ்டூல், இரண்டு விளக்கு. ஆளுக்கு இருபது விநாடி. உட்காருங்க, இங்க பாருங்க, ஆச்சு, அடுத்தது. சோதனைக் கூடத்துப் பாட்டில்களுக்குச் செய்ததுதான். எண், பார்வை, குறிப்பு. முதல் நாள் யார் வந்தார்கள் என்று கேட்டால் ஒரு முகம்கூடச் சொல்ல முடியாது.

இன்று மதியம் பெட்டி ஒட்டும் பிரிவிலிருந்து ஒருத்தி. ஐம்பது வயதிருக்கும். தலையில் வலைத் தொப்பி. ஆச்சு என்றேன். எழுந்திருக்கவில்லை.

"இன்னொண்ணு எடுக்கிறீங்களாம்மா?"

"இதுவே நல்லாத்தான் வந்திருக்கு."

"அது கம்பெனிக்கு. சும்மா, எனக்குன்னு ஒண்ணு." தொப்பியைக் கழற்றினாள். நரைத்த முடியை இரண்டு கையாலும் அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டாள். "என்னைய மட்டும்னு யாரும் எடுத்ததில்ல."

எடுத்தேன். நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். முதலில் விறைத்துப்போய் இருந்தாள். வரிசையில் யாரோ, "என்னக்கா, சினிமாவுல நடிக்கக் கூப்பிட்டாங்களா?" என்று கேலி செய்ய, "நீ மூடு" என்று திரும்பிச் சிரித்தாள் பாருங்கள் — அதுதான் படம்.

பிறகு வரிசையில் இருந்தவர்களும் தொப்பியைக் கழற்ற ஆரம்பித்தார்கள். சாயங்காலத்துக்குள் அறுபத்து மூன்று பேர். அட்டைக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று. எப்போது கிடைக்கும் என்று கேட்டார்கள். இரண்டு வாரம் என்றேன்.

சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது பத்துப் பதினைந்து முகங்கள் ஞாபகம் வந்தன.

மே 6, செவ்வாய்

படங்கள் இல்லை.

அச்சுக்கு அனுப்பலாம் என்று காலையில் கணினியைத் திறந்தால் அட்டைப் படங்கள் மட்டும் இருக்கின்றன. கொஞ்சம் தம்பியிடம் கேட்டேன்.

"அதுவாக்கா? வேணுங்கிறதை எடுத்துக்கிட்டு மிச்சத்தை அழிச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கு மெமரி கார்டு வேண்டியிருந்துச்சு."

"வெச்சிருக்கச் சொன்னேனேப்பா."

"சும்மா எடுத்ததுதானேக்கா. யார் வந்து கேக்கப் போறா?"

அதற்கப்புறம் என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. கத்தினேன். நான். இருபது வருடத்தில் ஒரு பாட்டிலின் நம்பரைக்கூட உரக்கச் சொன்னதில்லை. யார் கேக்கப் போறாங்களா? நான் கேக்குறேன்டா. அந்தம்மா முடியை அமுக்கி அமுக்கி விட்டுக்கிட்டு உக்காந்திருந்தா, உனக்கு அது குப்பையா? ரெண்டு வாரம்னு சொல்லிட்டு வந்திருக்கேனே, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு — இப்படி ஏதோ. 'டா' போட்டுவிட்டேன். படம் எடுக்க வந்து உட்கார்ந்திருந்த ஒருவர் மெதுவாக எழுந்து வெளியே போனார். விளக்குத் தாங்கியைக் கீழே வைத்துவிட்டு — வைத்தேனா, போட்டேனா — வந்துவிட்டேன்.

கன்னம் சுடுகிறது. எழுதும்போதும் சுடுகிறது. ஏழு மாதம் கழித்து ஒன்று வந்தது, அதுவும் கோபம். வந்தவரைக்கும் லாபம்.

மே 9, வெள்ளி

போய்விட்டது. பழையபடி ஆகிவிட்டேன். பாத்திரம் கழுவினேன். ஜன்னலைத் துடைத்தேன்.

மேலாளர் அழைத்தார். "இன்னும் ஆள் போடல மேடம்." "சரிங்க சார்" என்றேன். எதற்குச் சரி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மே 12, திங்கள்

மின்கட்டணச் சீட்டைத் தேடி அலமாரியில் கைவிட்டால் ஒரு உறை. உள்ளே ஒரு தாள், பிழையோடு தட்டச்சு செய்த இரண்டு வரி. 'மார்ச் 3 அன்று நான் அளித்த ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.' கீழே என் பெயர். கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. தேதி மட்டும் இல்லை.

கோபம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. அவர் வந்ததும் முன்னால் வைத்தேன்.

"எப்ப டைப் பண்ணினீங்க?"

"மார்ச்சுலயே."

"சரிதான்னு சொன்னீங்களே."

"சரிதான். அதுக்காகப் பயம் இல்லேன்னா சொன்னேன்? லிஃப்டுக்கு அடியில ஸ்பிரிங் வெச்சிருப்பாங்க பாரு, விழட்டும்னா வெக்கிறாங்க?" சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். "நீ கேட்டா எடுத்துக் குடுக்கலாம்னு வெச்சிருந்தேன்."

"கேக்கலேன்னா?"

"கேக்கலேன்னா அங்கயே இருக்கும்." அப்புறம், என்னைப் பார்க்காமல்: "நீ வேலைய விட்டது எனக்குப் பெரிசில்ல. நீ போன வருஷத்துலேர்ந்து வீட்லயே இல்ல. பக்கத்துல உக்காந்திருக்கே, ஆனா இல்ல. அந்த வேலைக்குத் திரும்பினா வந்துடுவியோன்னு ஒரு நெனப்பு. அவ்ளோதான்."

அழுதிருந்தால் அவருக்காவது நன்றாக இருந்திருக்கும். பிஸ்கட் தொழிற்சாலைக் கதையைச் சொன்னேன். முழுதாக, தொப்பியிலிருந்து. கேட்டுவிட்டு, "அந்தக் கம்பெனி ஷிஃப்டு எத்தனை மணிக்கு விடுது?" என்றார்.

மே 19, திங்கள்

மூன்று மணி ஷிஃப்டு. உள்ளே விடமாட்டேன் என்றார் வாசல் காவலர். அனுமதிச் சீட்டு வேண்டும். "வெளிய நின்னா உங்களுக்கு ஏதாவது பிரச்சினையா?" என்று இவர் கேட்டார். "வெளி எனக்குக் கீழ வராது" என்றார் காவலர்.

எனவே வெளியே. சுற்றுச்சுவர் ஓரம், நிழலும் வெளிச்சமும் சந்திக்கும் இடம். வீட்டு ஸ்டூல். பழைய சாம்பல் நிறப் போர்வை ஒன்றைச் சுவரில் கட்டப் பார்த்தோம், காற்று விடவில்லை. அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்த இவர் இரண்டு கையையும் விரித்துப் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னைய எடுத்துடாதே, நான் பில்டிங்" என்றார்.

சங்கு ஊதியது. கும்பலாக வந்தார்கள். பாதிப் பேருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பெட்டி ஒட்டும் பிரிவுக்காரி சாப்பாட்டுப் பையோடு வந்தாள். நின்றாள்.

"படம் கொண்டாந்தீங்களா?"

"இல்லம்மா. அழிஞ்சு போச்சு. தப்பு எங்களோடதுதான்."

"அழிஞ்சு போச்சுன்னு சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"திரும்ப எடுக்கலாம்னு."

என்னைப் பார்த்தாள், போர்வையைப் பார்த்தாள், மேலே நீட்டிக்கொண்டிருந்த இவர் தலையைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். பையைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்கு வேலை பாத்த மூஞ்சி, இன்னிக்கும் அதே மூஞ்சிதான், பரவால்லையா?" என்று உட்கார்ந்தாள்.

பத்தொன்பது பேர் வந்தார்கள். மற்றவர்களுக்குப் பேருந்து. நாளையும் போகிறேன். போர்வைக்கு இரண்டு கம்பு வேண்டும். இவருக்குத் தினமும் விடுப்பு கிடைக்காது.

மே 24, சனி

நாற்பத்தொரு படங்கள் கொடுத்தாகிவிட்டது. இருபத்திரண்டு பேர் வரவேயில்லை. ஒருத்தி தன் படத்தைப் பார்த்துவிட்டு, "என் அம்மா மாதிரி இருக்கேன்" என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு முந்தானையால் அதைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மே 27, செவ்வாய்

தையல்காரர் வந்தார். பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் யாரோ ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது படத்தைக் காட்டியிருக்கிறாள்.

"எனக்கும் ஒண்ணு எடுத்து வைங்கம்மா. அவளுக்குத்தான் இல்லாமப் போச்சு. நாளைக்கு எம்பொண்ணு வீடு வீடா அலையக் கூடாது."

வாங்கண்ணா, கடையிலேயே எடுக்கலாம் என்றேன்.

சின்னக் கடை. இரண்டு தையல் இயந்திரங்கள், ஒன்றின் மேல் துணி போர்த்தியிருக்கிறது. அவரே தைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றப் போனார். இருக்கட்டும் அண்ணா என்றேன். ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். நேராகப் பார்க்கச் சொன்னால் கேமராவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு உங்களைக் கேட்டது தப்பும்மா. உங்க முகம் போன போக்கை அப்பவே பாத்தேன். அவ போட்டோன்னாலே ஓடுறவ. வீட்ல வந்து சொல்லுவா — 'எதிர் சீட்டுக்காரி கேமராவைத் தூக்கினாப் போதும், நான் ஃபைலைத் தூக்கி மூஞ்சிய மூடிக்குவேன்'னு. நீங்க எடுக்காம இல்ல. அவ விடல."

நான் தூக்கினேனா? அலுவலகத்துக்குக் கேமரா கொண்டுபோனதே நாலைந்து தடவைதான் இருக்கும். எனக்கு நினைவில்லை. நிஜமாகவே அவள் சொன்னாளா, எனக்காக இவர் சொல்கிறாரா? கேட்கவில்லை. பொய்யென்றால்கூட, எனக்கு அளவெடுத்துத் தைத்த பொய்.

படம் மங்கலாகத் தெரிந்தது. லென்ஸைத் துடைத்தேன். லென்ஸ் சுத்தமாகத்தான் இருந்தது. அவர் எழுந்து, போர்த்தியிருந்த அந்தத் துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். அதில்தான் அழுதேன். கடை வாசலில் ஒரு பெண் உள்ளே வரலாமா என்று நின்றுவிட்டுப் போய்விட்டாள். எவ்வளவு நேரம் தெரியாது. மூக்கு அடைத்து, தலை வலித்து, அசிங்கமாக அழுதேன்.

அப்புறம் எடுத்தேன். ஒன்பது படம். ஏழாவதுதான் படம்.

ஜூன் 2, திங்கள்

கெடு இன்றோடு முடிகிறது, அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும். நாலரைக்குச் சாம்பல் போர்வையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். ஈரத்தில் என்ன கனம்.

ஜூன் 3, செவ்வாய்

"அந்தப் பேப்பரை என்ன பண்ணட்டும்?" என்றார்.

"அங்கயே இருக்கட்டும்."

"தேதி முடிஞ்சு போச்சே."

"நீங்க டைப் பண்ணினதாச்சே. ரெண்டு வரியில அஞ்சு பிழை."

மகள் உள்ளறையிலிருந்து சத்தமாகச் சிரித்தாள். ஒட்டுக் கேட்டிருக்கிறாள்.

ஜூலை 19, சனி

தீயணைப்பு நிலையம், பதினாறு பேர். ஹெல்மெட் இல்லாமல் உட்காரக் கூச்சப்பட்டார்கள்.

ஜூலை 27, ஞாயிறு

சலவைக் கூடத்தில் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை ஸ்டூல் காலியாகவே இருந்தது. ஒருவரும் வரவில்லை. மூன்று மணி நேரம் கம்பையும் போர்வையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய மரப்பு வந்துவிடுமோ என்று உள்ளே தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் வந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருக்கலாம் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 30, சனி

கொஞ்சம் தம்பி வழியில் பார்த்து வண்டியை நிறுத்தினான். "என்னக்கா, ஊர்ல இருக்கிற ஸ்டாஃபையெல்லாம் வளைச்சுட்டீங்களாமே." அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன், 'டா'வுக்கு மட்டும். மற்றதற்கு இல்லை என்றேன். புரிந்தது என்றான். அவன் ஸ்டூடியோவில் பழைய விளக்கு ஒன்று சும்மா கிடக்கிறதாம், வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னான்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் மாணவர் விடுதியின் சமையல்காரப் பெண்கள் ஒன்பது பேர் வீட்டுக்கே வந்தார்கள். முன்னறை கொள்ளவில்லை. ஒருவரை எடுக்கும்போது எட்டுப் பேர் யோசனை சொன்னார்கள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மதியம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அவர்கள் போனபின் விளக்கைக் கழற்ற ஆரம்பித்தேன். மகள் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் வழக்கம்போல் இயர்ஃபோன்.

"லைட்டைக் கழட்டிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப என்னைய எடு." நான் நிமிர்ந்ததும், "ஒண்ணுமில்ல, ஸ்கூலுக்கெல்லாம் கேக்கல" என்றாள்.

ஸ்டூலைக் காட்டினேன்.

"இப்படியேவா? இரும்மா, தலை சீவிட்டு வரேன்."

நாற்பது நிமிடம் ஆகிறது. உள்ளே அலமாரி திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம், மறுபடியும் திறக்கிற சத்தம். அவர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். விளக்கு எரிகிறது. எனக்கு ஒரு அவசரமும் இல்லை.